அரைக் கட்டை கீழே

ஜூன் 3, செவ்வாய்

காபி டப்பாவின் மூடியைத் திறக்கப் போய் வலது கை மோதிர விரல் நகம் போச்சு. மற்றவர்களுக்கு நகம் உடைந்தால் நகம் உடைந்தது, அவ்வளவுதான். எனக்கு அது கிட்டாரில் ஒரு தந்திக்கு ஆள் இல்லாமல் போவது. வீட்டுக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, பிளாஸ்டிக் நகம் ஒன்றைப் பசை போட்டு ஒட்டி, அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். லிப்ட் பழுது பார்க்கிற மனிதர். "இருபது மாடிய இழுத்துப் பிடிக்கிற கை இது, தெரியும்ல?" என்றார். பெருமையைப் பார்!

வியாழன் மதியம் ஓர் அலுவலகத்தில் ஓய்வு பெறுகிறவருக்கு விருந்து. சனி காலை குழந்தைகள் வகுப்பு. ஞாயிறு ஒரு கடைத்திறப்பு. வாரம் நிறைந்திருக்கிறது. மாதச் சம்பளம் இல்லாத பாட்டுக்காரிக்கு இதைவிட நல்ல தூக்க மாத்திரை கிடையாது.

காலையில் பயிற்சி. எல்லாம் சரியாக வந்தது. சீரியல் பாட்டின் கடைசி வரி மட்டும் — உச்சிக்குப் போய் ஓர் இழுப்பு இழுக்க வேண்டுமே, அது — தொட்டேன், வழுக்கியது. மறுபடி தொட்டேன். மறுபடியும் வழுக்கியது.

நகத்தைப் பற்றி இவ்வளவு எழுதியதே இதை எழுதாமல் தப்பிக்கத்தானோ?

ஜூன் 5, வியாழன்

பொய் சொல்லிவிட்டேன். விவரமாக எழுதி வைக்க வேண்டும். பொய் சொல்கிறவளுக்கு ஞாபகம் முக்கியம்.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு டிவி தொடருக்கு முகப்புப் பாட்டு பாடினேன். தொடர் நாலு வருடம் ஓடியது. அதில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது இன்று யாருக்கும் நினைவில்லை, பாட்டு நினைவிருக்கிறது. எங்கே கிட்டாரை எடுத்தாலும் பத்தாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்து வந்து, "அந்த சீரியல் பாட்டு..." என்று இழுப்பார். அதன் கடைசி வரிதான் என் விலாசம். அதுதான் இப்போது எனக்கு எட்டவில்லை.

வழி இல்லாமல் இல்லை. கிட்டாரின் ஆறு தந்திகளையும் அரைக் கட்டை தளர்த்திவிட்டால் போதும். விரல் போகிற இடம் மாறாது, பாட்டு மொத்தமும் ஒரு படி கீழே இறங்கிவிடும். கேட்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பக்கத்தில் கீபோர்டு வாசிக்கிறவருக்குத் தெரியாமல் போகுமா? அவரும் சுருதி மாற்றுகிற பட்டனை அமுக்கி என்னோடு கூடவே இறங்க வேண்டும். ஏன் என்று கேட்பார்.

கீபோர்டு அண்ணாவுக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். தாலாட்டைக்கூட ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரி வாசிப்பார். பதினோரு வருடமாக எனக்கு ஜோடி. இன்று விருந்துக் கூடத்தில் சுருதி சேர்க்கும்போதே கேட்டுவிட்டார்.

"என்னம்மா, சுருதி இறங்கியிருக்கு?"

"கிட்டார் நெக் வளையுதுண்ணா. பழைய மரம். முழுசா இறுக்கினா தாங்காதுன்னு தோணுது. கொஞ்ச நாளைக்கு அரைக் கட்டை குறைச்சே வச்சுக்கலாமா?"

"அட பாவமே," என்று தடவிக் கொடுத்தார். என்னை அல்ல, கிட்டாரின் தண்டை. பட்டனை அமுக்கினார். முடிந்தது விஷயம்.

கடைசி வரி வெண்ணெய் மாதிரி வந்தது. ஓய்வு பெற்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டுக்காகவா, நாளை முதல் வீட்டிலேயே இருக்க வேண்டுமே என்பதற்காகவா, தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கடைத்திறப்பு. எங்களுக்கு ஒதுக்கிய இடம் பலூன் விற்கிறவருக்கும் தள்ளுபடிச் செருப்புக் குவியலுக்கும் நடுவில். மென்மையான பாட்டு ஒன்றில் நான் மூச்சு விடுகிற இடத்தில் சரியாக ஒரு பலூன் வெடித்தது. அவசரம் சட்டென்று அந்த இடத்தில் கீழ்க்கட்டையில் ஒரு தட்டு தட்டி, வேண்டுமென்றே வைத்த மாதிரி ஆக்கிவிட்டார். கூட்டம் கைதட்டியது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான். எது எங்கே வெடிக்கும் என்று தெரியாது. வெடித்தால் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார்.

செருப்புக் கடைக்காரரின் மனைவி கேட்டார்: "பாட்டு சரிங்க. வேலை என்ன பண்றீங்க?"

"பாட்டுதாங்க."

"அது சரி. வேலை?"

சிரித்துவிட்டு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பொய்க்கு வயது ஐந்து நாள். தூக்கம் நன்றாகவே வருகிறது.

ஜூன் 15, ஞாயிறு

இதை மெதுவாக எழுத வேண்டும், கை பரபரக்கிறது.

இன்று பிறந்தநாள் விருந்து ஒன்றில் பாடினோம். முடிந்ததும் ஒரு பெண் வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஏரிக்கரைச் சாலையில் உள்ள தோட்ட ஓட்டலின் மேனேஜர். மரங்களுக்கு அடியில் பதினெட்டு மேசை. ஞாயிறு மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பாட்டு வேண்டுமாம். ஒரு ஞாயிறு அல்ல, வருடம் முழுவதும்.

"அந்தக் கடைசி வரி வரும்போது எனக்கு அப்படியே புல்லரிக்கும் மேடம். அதுக்காகவே உங்களத்தான் வைக்கணும்னு இருந்தேன். ஜூலை பதிமூணு ஒரு தடவை வந்து பாடுங்க. முதலாளியும் கேப்பார். அப்புறம் பேசிக்கலாம்."

இருபத்துமூன்று வருடத்தில் அடுத்த மாதம் எங்கே பாடப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது அடுத்த வருடம் ஜூலை ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று சொல்ல முடியும்! அவசரம் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது விசிலடித்தார். விசிலும் அவசரம்தான்.

இன்னொன்று. இன்று கடைசி வரி, அரைக் கட்டை இறக்கியும், கொஞ்சம் உரசியது.

ஜூன் 19, வியாழன்

தொண்டை மருத்துவரிடம் போனேன், யாருக்கும் சொல்லாமல். குழாய் போன்ற ஒன்றை மூக்கு வழியாக விட்டு, என் குரல் நாண்களைத் திரையில் எனக்கே காட்டினார். பார்க்க அப்படியொன்றும் அழகில்லை. இத்தனை காலம் சோறு போட்டது இதுதானா?

"நோய் எதுவும் இல்ல. நல்லாப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. வயசாக ஆக குரல் கொஞ்சம் கனமாகும், கீழ இறங்கும். அது இயற்கை."

"திரும்ப மேல ஏறுமா டாக்டர்?"

"நீங்க ஏன் மேல ஏறணும்? கீழ நல்லா இருக்கே," என்றார். பாட்டுக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் நோய் இல்லை என்றதும் மனது லேசாகி, வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். பயம் விட்டுப்போயிற்று. மானப் பிரச்சனை மட்டும் பாக்கி.

ஜூன் 20, வெள்ளி

ஏன் உண்மையைச் சொல்லித் தொலைக்க முடியவில்லை என்று இன்று யோசித்தேன். காரணம் தெரியும். எழுதத்தான் பிடிக்கவில்லை.

இருபத்துநாலு வயதில் நான் சேர்ந்த முதல் குழுவில் ஓர் அக்கா முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் குழுத் தலைவர் அவரிடம், "மேல எட்ட மாட்டேங்குது, நீங்க பின்னாடி கோரஸ்ல நில்லுங்க, இந்தப் பொண்ணு பாடட்டும்," என்றார். இந்தப் பொண்ணு நான்தான். அக்கா தன் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார். எனக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை.

இப்போது யாரோ ஒரு பெண் வந்து முன்னால் நிற்பாள். நான் கிட்டாரோடு ஓரமாக உட்கார வேண்டும். கிட்டார் எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் பாடாமல் இருப்பதா? முடியாது. அதுதான் விஷயம். என்னால் முடியாது.

ஜூன் 24, செவ்வாய்

பொய் வீடு வரை வந்துவிட்டது. அவசரம் போனில் இவரிடம் கிட்டாரைப் பற்றி அரை மணி நேரம் கவலைப்பட்டிருக்கிறார். சாயங்காலம் இவர் வேலைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, கிட்டாரின் தண்டு மேல் நீளவாக்கில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நேராத்தானே இருக்கு?"

"இது அந்த மாதிரி வளைவு இல்லைங்க. தந்திய இறுக்கும்போதுதான் வளையும்."

"இறுக்கு, பாப்போம்."

"இறுக்கினா உடைஞ்சிடும்!"

மகள் படிப்பு மேசையிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவள் பார்வை கூர்மையாகிவிட்டது. இவர் பாவம், ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கேல்தான் வளைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் கம்பி நீட்டினேன்.

ஜூன் 29, ஞாயிறு

எங்கள் கல்யாண நாள். இருபத்தொரு வருடம்.

மதியம் வகுப்புப் பெற்றோர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தால், கூடத்தில் நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். இவர், மகள், அவசரம், நாலாவதாகத் தச்சர். அதாவது கிட்டார் பழுது பார்க்கிறவர். முன்பு தச்சு வேலை செய்தவர் என்பதால் எங்கள் வட்டத்தில் எல்லாருக்கும் அவர் தச்சர்தான். சோபாவில் துணி போர்த்தி ஏதோ கிடந்தது. மகள் துணியை இழுத்தாள்.

புது கிட்டார்.

தச்சரின் பட்டறையில் பாதியில் நின்றுபோய்க் கிடந்த ஒன்றாம். அதற்குப் புதுத் தண்டு போட்டு, உள்ளே எஃகுக் கம்பி வைத்து, எனக்காக முடித்திருக்கிறார்கள். அவசரம் மூன்று சனிக்கிழமை பட்டறையில் உட்கார்ந்து உப்புத்தாளால் மரம் தேய்த்திருக்கிறார். அவசரம்! ஓர் இடத்தில் மூன்று நிமிடம் உட்காராத மனிதர்! விரல் நுனியில் சிராய் ஏறிய இடத்தைக் காட்டினார்.

"இனிமே எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நூல் வளையாதும்மா. பழைய சுருதிக்கே போயிடலாம். ஓட்டல்காரங்களுக்கு ஒரிஜினல்லயே பாடிக் காட்டிடு."

அழுதுவிட்டேன். எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். இவரும் அழுதார். எல்லாரும் சேர்ந்து கேக் சாப்பிட்டோம்.

ஜூலை 1, செவ்வாய்

எவ்ளோ நல்ல கிட்டார் தெரியுமா அது. ஒரு தந்தியத் தொட்டா அறை முழுக்க நிக்குது. இதைக் கையில வச்சுக்கிட்டு எப்படிப் பொய் சொல்றது? எப்படி உண்மையச் சொல்றது? அவர் விரல்ல சிராய் ஏறியிருக்கே — அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

நானா போய் மாட்டிக்கிட்டேன். வேற யாரும் காரணம் இல்ல.

ஜூலை 3, வியாழன்

பழைய கிட்டாரை ஞாயிறன்றே தச்சர் எடுத்துப் போயிருந்தார், "சரி பண்ண முடியுதான்னு பாக்கறேன்" என்று. இன்று பட்டறைக்குப் போனேன். மரத்தூள், பசை வாசனை, சுவரெல்லாம் தலையில்லாத கிட்டார்கள். என் கிட்டார் மேசை மேல் கிடந்தது. அவர் அதை முழு சுருதிக்கு இறுக்கி வைத்திருந்தார். தண்டு நேராக இருந்தது.

"மூணு நாளா இப்படியே இறுக்கி வச்சிருக்கேன். அசையவே இல்ல."

"ஓ."

"முன்னாடியே பாத்திருந்தா அவங்ககிட்ட சொல்லியிருப்பேன். இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது." துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். "என் வேலை மரம் மேடம். மரத்துல குறை இல்ல. மத்தது எனக்குத் தெரியாது."

அசடு வழிய வாங்கிக்கொண்டு வந்தேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

ஒத்திகை. புது கிட்டார், முழு சுருதி. "தொண்டையப் பத்திரமா வச்சுக்கறேண்ணா, இன்னைக்குச் சும்மா முணுமுணுக்கறேன்," என்று எல்லாப் பாட்டையும் பூசி மெழுகினேன். அவசரம் நம்பினார். நம்பியதோடு விடாமல் பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு ஊற்றிக் கொடுத்தார். குடித்துக் குடித்து வயிறு உப்பிப்போயிற்று. இந்தத் தண்டனை எனக்கு வேண்டியதுதான்.

ஜூலை 9, புதன்

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உச்சி வரியை முயன்றேன். பத்தில் மூன்று தடவை வந்தது. ஞாயிறன்று அந்த மூன்றில் ஒன்று வரக் கூடாதா?

ஜூலை 13, ஞாயிறு

வரவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தோட்டம் அழகு. இலை நிழல் மேசை விரிப்புகளில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் மேசையில் மேனேஜரும் முதலாளியும். ஒன்பது பாட்டு நன்றாகப் போனது. உண்மையிலேயே நன்றாக. புது கிட்டாரின் சத்தத்துக்கு ஒரு சமையல்காரர் கரண்டியோடு கதவருகே வந்து நின்றார். பத்தாவது, சீரியல் பாட்டு. கடைசி வரிக்கு மூச்சை இழுத்தேன். ஏறினேன். உச்சியில் ஒன்றுமே இல்லை. சத்தம் இல்லை, காற்றுதான். வாய் திறந்திருக்கிறது, பாட்டு இல்லை.

அவசரம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அந்த வரியைக் கீபோர்டில் ஒற்றை விரலால் வாசித்து முடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நிதானமாக வாசித்தார்.

மேனேஜர் எழுந்து வந்து, "தகவல் சொல்றோம் மேடம்," என்றார். கண்ணைப் பார்க்காமல்.

சமையலறைப் பின்வாசலில், காலிப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில், அவசரம் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். "சளியாம்மா? வெந்நீர் இன்னும் இருக்கு" என்று பிளாஸ்கைத் தேடினார். அதற்கு மேல் என்னால் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தண்டு வளையவில்லை, ஒரு நாளும் வளைந்ததில்லை, வளைந்தது என் குரல்தான் என்று.

வயரைச் சுற்றுகிற கை நின்றது.

"குரல் இறங்கினா இறங்கிட்டுப் போவுது. அது ஒரு விஷயமா? பட்டன் ஒண்ணுதானே, அமுக்கிட்டுப் போறேன். பதினோரு வருஷம் பக்கத்துல உக்காந்து வாசிச்சிருக்கேன். என்கிட்ட சொல்லத் தோணலையா உனக்கு?"

"பயமா இருந்துச்சுண்ணா."

"என்னைப் பாத்தா?"

என் கிட்டாரை வழக்கம்போல அவரே பத்திரமாக வண்டியில் வைத்தார். வண்டியை மெதுவாக ஓட்டினார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்

வீட்டில் சொல்லிவிட்டேன். இவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப என் ஸ்கேல் சரியாத்தான் இருக்கு," என்றார். தண்டை அளந்த அன்றிலிருந்து இரண்டு புது ஸ்கேல் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார் மனிதர். மகள், "கிட்டாருக்கு வாய் இல்லன்னு அது மேலயே பழியப் போட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. அவளே காபி போட்டுக் கொடுத்தாள்.

அவசரத்துக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

எடுக்கவில்லை. ஓட்டலிலிருந்தும் தகவல் இல்லை. ஓட்டல் போனால் போகட்டும், வேறு ஓட்டல் வரும். வேறு அவசரம் எங்கே வரப்போகிறது?

ஜூலை 19, சனி

காலை ஏழரைக்கு வாசல் மணி. கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அவசரம் நிற்கிறார். முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார்.

"அரைக் கட்டை பத்தாது. பதிமூணாம் தேதி கேட்டேனே, மத்த பாட்டுலயும் நீ மேல போகும்போது இறுக்கிப் பிடிக்கற. ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாப்போம். நகரு."

இவர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார். குழந்தைகள் வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டு மதியம் வரை உட்கார்ந்தோம். நாற்பத்திரண்டு பாட்டு. ஒவ்வொன்றாகப் பாட, அவர் பட்டனை ஏற்றி இறக்கி, என் குரல் எங்கே சுகமாக உட்காருகிறது என்று பார்த்து, நோட்டில் கட்டையைக் குறித்துக்கொண்டே வந்தார். சிலதற்கு ஒன்று. சிலதற்கு ஒன்றரை. சீரியல் பாட்டுக்கு ஒன்றரை. அந்தச் சுருதியில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அழுத்தமாக, அகலமாக, அவசரமில்லாமல்.

இருபதாவது பாட்டு வரை கோபம் குறையவில்லை. இருபத்தொன்றாவதில் நான் வரியை மறந்து வேறு பாட்டுக்குத் தாவிவிட்டேன். "இதுக்கும் நெக்குதான் காரணமா?" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"மன்னிச்சுடுங்கண்ணா."

"சரி சரி, அடுத்தது எடு, நேரமாகுது," என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

மேனேஜர் போன் செய்தார். நல்லவர், சுற்றி வளைத்துத்தான் சொன்னார். எங்கள் இருவர் வாசிப்பும் முதலாளிக்குப் பிடித்துவிட்டதாம். பாடுவதற்கு மட்டும் ஓர் இளம் பெண்ணைப் போட்டுக்கொள்ளலாமா? "நீங்க கிட்டார் வாசிங்க மேடம், அந்தப் பாட்டை அவங்க ஒரிஜினல் சுருதியில பாடட்டும்."

இருபத்துமூன்று வருடமாக எதிர்பார்த்திருந்த வாசகம். வரிக்கு வரி அப்படியே வந்தது. ஆச்சரியம், நான் உடைந்துவிடவில்லை. ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், சளி என்று சொன்னால் போதும் — நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்கு மேல எட்டாதுங்க. இனிமே எட்டாது. சளியெல்லாம் இல்ல. ஆனா அந்தப் பாட்டைக் கீழ இறக்கிப் பாடறேன், நல்லா இருக்கு. வர்ற ஞாயிறு ஒரு தடவை கேளுங்க. பிடிக்கலைன்னா அந்தப் பொண்ணையே கூப்பிடுங்க, நானே அவளுக்குப் பாட்டு சொல்லித் தர்றேன்."

போனை வைத்த பிறகுதான் கடைசியாகச் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று புரிந்தது. நிஜமாகவே சொல்லிக் கொடுப்பேன். ஆனால் ஞாயிறு நான் பாட வேண்டும். அதுவும் நிஜம்.

ஜூலை 27, ஞாயிறு

தோட்டம் நிறைந்திருந்தது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றார். முதலாளி வரவில்லை. அவர் முடிவு செய்துவிட்டார் போல.

பத்தாவதாக சீரியல் பாட்டு. ஒன்றரைக் கட்டை கீழே. முதல் வரி பாடினேன். யாரும் அதிர்ச்சியாகவில்லை, சூப்பைக் கீழே வைக்கவும் இல்லை. சரி, போகட்டும் என்று இரண்டாவது வரி. அப்போது ஏதோ கேட்டது. மைக் கோளாறு என்று நினைத்து அவசரத்தைப் பார்த்தேன். அவர் தாடையால் மூன்றாவது மேசையைக் காட்டினார்.

ஓர் ஆள் பாடிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, என்னோடு. அவர் மனைவி கூச்சத்தோடு அவர் முழங்கையை இடித்தாள், அப்புறம் அவளும் பாடினாள். பல்லவி திரும்ப வரும்போது ஆறு மேசை. சரணத்தில் பரிமாறுகிறவர்கள் தட்டோடு நின்று பாடினார்கள். எல்லாருக்கும் வரிகள் தெரிந்திருந்தன. எல்லாருக்கும்!

இத்தனை வருடம் இந்தப் பாட்டை எத்தனை ஆயிரம் பேர் முன்னால் பாடியிருப்பேன்? ஒருவர்கூட வாயைத் திறந்ததில்லை. மரியாதை என்று நினைத்திருந்தேன். மண்ணாங்கட்டி. அவர்களுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு தனியாகப் பாடியிருக்கிறேன்.

கடைசி வரிக்கு முன்னால் அவசரத்தைப் பார்த்தேன். அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாளம் மட்டும் போட்டார். நானும் கிட்டாரை அடக்கினேன். பதினெட்டு மேசையும் உச்சி வரியைப் பாடின. சுருதி சுத்தமாக இல்லை. சிலர் முன்னால் ஓடினார்கள், சிலர் பின்தங்கினார்கள். மேனேஜர் எல்லாரையும்விடச் சத்தமாக, எல்லாரையும்விட மோசமாகப் பாடினார், கண்ணீர் வழிய.

பின்வாசலுக்கு வந்து, "அடுத்த வாரம் பதினொன்றரைக்கே வந்திடுங்க மேடம்," என்றார் மேனேஜர். இளம் பெண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அவசரம் வண்டியைப் பழைய வேகத்தில் ஓட்டினார். இரண்டு திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சீரியல் பாட்டு தொடங்குவதற்கு முன் மேனேஜர் நேராக வந்து, என் முன்னால் இருந்த மைக்கை எடுத்து மேசைகள் பக்கம் திருப்பி வைத்தார். என்னைக் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

அவர்கள் பாடினார்கள். நான் கிட்டார் வாசித்துக்கொண்டு, வாய்க்குள் மெல்லப் பாடிக்கொண்டு, நின்று கேட்டேன். இந்தப் பாட்டை நான் இதுவரை கேட்டதே இல்லை. பாடிக்கொண்டே இருந்ததில் நேரம் இல்லாமல் போயிற்று.

நல்ல பாட்டுதான்.